ஏழாவது பாட்டு மட்டும் மெதுவாகப் பாடும்

1

போன வாரம் எங்கள் டிப்போவுக்கு ஒரு பெரிய கேக் வாங்கிக்கொண்டு போனேன். இந்த ஊரில் யாருக்கு விசேஷமோ அவர்தான் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். நான் பஸ் ஓட்ட ஆரம்பித்து ஒரு வருடம் முடிந்திருந்தது. பின்லாந்தில் தம்பெரே என்ற ஊர். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள மின்சார பஸ். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "வாழ்த்துகள், குப்புசாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குப்புசாமி என் அப்பா. என் பெயர் மகேஸ்வரி. பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் விடக் கூடாது என்றார்கள். அப்பாவின் பெயரை எழுதினோம். இங்கே வந்ததும் அதுவே என் பெயராகிவிட்டது. மாற்றலாமென்று மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கினேன். மூன்றாவதில் இருந்த அம்மாள் என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல பெயராகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு அப்போது எனக்கு மொழி வரவில்லை. விட்டுவிட்டேன். காரிமங்கலத்தில் ஒரு தென்னந்தோப்பின் பட்டாவில் மட்டும் இருந்த பெயர் இப்போது தம்பெரே டிப்போவின் பலகையில் தினமும் ஒளிர்கிறது.

அந்தப் பலகையில் அது ஏறியது எப்படி என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் தர்மபுரிக்கு ஒரு பங்கு உண்டு. இன்னும் சரியாகச் சொன்னால், காரிமங்கலத்திலிருந்து தர்மபுரி போகும் ஒரு தனியார் பஸ்ஸுக்கு.

2

கணவருக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை. மகள் நிவேதாவுக்குப் பதினைந்து வயது. எனக்குப் பத்து வருடம் வீடுதான் வேலை. நாற்பது வயதில், பஸ் ஓட்டுநர்கள் தேவை, பயிற்சி கொடுக்கிறோம் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அது தவறுதலாக வந்துவிட்டது என்று கணவர் நினைத்தார். நான் நினைக்கவில்லை. ஊரிலேயே அப்பாவின் டிராக்டரை ஓட்டியவள் நான்.

பயிற்சி கொடுத்தவன் மிக்கோ. என்னைவிடப் பத்து வயது இளையவன். ஃபின்னிஷ் மொழியில் 'நீங்கள்' என்று ஒன்று இருந்தாலும் யாரும் அதைப் புழங்குவதில்லை. அவனும் என்னை நீ என்றான், நானும் அவனை நீ என்றேன். நம் பக்கத்து நாக்குக்கு அது லேசில் வராது. மனதுக்குள் ஒரு 'ங்க' போட்டுக்கொண்டுதான் பேசினேன்.

முதல் நாள் வகுப்பு முடிந்ததும் எழுந்து நின்று, "நாளைக்கு உன்னைச் சந்திக்கிறேன்" என்று நல்ல தெளிவாகச் சொன்னேன். மிக்கோ சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். சந்திக்கிறேன் என்பதற்கு 'தப்பான்' என்று நெடிலில் சொல்ல வேண்டும். நான் குறிலில் 'தப்பன்' என்று சொல்லியிருந்தேன். அதற்கு, உன்னைக் கொன்றுவிடுவேன் என்று பொருள். குறிலும் நெடிலும் படித்து வளர்ந்த தமிழச்சிக்கு இது வெட்கக்கேடு. வீட்டில் சொன்னேன். நிவேதா ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கைகளை மேலே தூக்கினாள்.

ஓட்டுவது பிடித்துப்போயிற்று. அந்த உயரம், அந்தப் பெரிய கண்ணாடி, பின்னால் அவ்வளவு நீளத்துக்கு நம் சொல் கேட்டு வரும் ஒரு வாகனம். மிக்கோ பக்கத்தில் இருந்தால் நன்றாக ஓட்டினேன். தேர்வில் மட்டும் தோற்றேன்.

முதல் முறை ரவுண்டானாவில் வரிசை மாறிப் போனேன். இரண்டாம் முறை வலது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கியது. தேர்வாளர் குனிந்து ஏதோ எழுதினார். மூன்றாம் முறையும் தோற்றால் பயிற்சிக்கான உதவி நின்றுவிடும் என்று அலுவலகம் கடிதம் அனுப்பியது. கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. இங்கே கெட்ட செய்தியெல்லாம் அப்படித்தான் வரும்.

மிக்கோ என்னை வண்டிக்கூடத்தின் ஓரத்தில் உட்கார வைத்தான்.

"உன் கை சரியாக இருக்கிறது. கண்ணும் சரியாக இருக்கிறது. தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்ததும் நீ மூச்சு விடுவதை நிறுத்திவிடுகிறாய். இரண்டு தேர்விலும் பின் இருக்கையிலிருந்து பார்த்தேன்."

"மூச்சு விடாமல் எப்படி ஒரு மணி நேரம் ஓட்டுவேன்?"

"கொஞ்சம் கொஞ்சமாகத் திருடி விடுகிறாய். அது போதாது. பாடு."

"என்ன?"

"மெதுவாக, உனக்கு மட்டும் கேட்கும்படி. மூச்சு விடாமல் யாராலும் பாட முடியாது. தேர்வில் பாடக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்."

அன்றைக்கே ஓட்டிக்கொண்டே பாடிப் பார்த்தேன். என் வயதுக்காரர்களின் பாட்டுகள், கல்லூரியில் நாங்கள் கூட்டமாகப் பாடியவை, எதுவும் வாயில் நிற்கவில்லை. எல்லாமே வேகம். பாடினால் கால் தானாக அழுத்தியது. அப்புறம் ஒரு திருப்பத்தில், கூப்பிடாமலே ஒரு பாட்டு வந்தது. என் அம்மா பள்ளிக்கூடம் போன காலத்துப் பாட்டு. அது முடிந்ததும் அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. வரிசை மாறாமல் வந்தன. மூன்று பாட்டு முடிந்தபோது மிக்கோ, "நீ ஆறு ரவுண்டானா தாண்டிவிட்டாய்" என்றான். ஒன்றைக்கூட நான் எண்ணியிருக்கவில்லை.

3

நான் தர்மபுரிக் கல்லூரியில் படித்த காலத்தில் காரிமங்கலத்திலிருந்து நிறைய தனியார் பஸ்கள் ஓடின. எல்லாவற்றிலும் பாட்டு உண்டு. எந்த பஸ்ஸில் அந்த வாரம் வந்த படத்தின் பாட்டு ஓடுகிறதோ அதில்தான் கூட்டம். நின்றுகொண்டாவது போவோம். ஒரே ஒரு பஸ்ஸில் மட்டும் தினமும் அதே பழைய பாட்டுகள். காலையில் எட்டே காலுக்குக் கிளம்பும் அந்த பஸ்ஸை மாதையன் அண்ணன் ஓட்டினார். அப்போது அவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கலாம். பெரிய மீசை, அதிகம் பேச மாட்டார். ஒருமுறை தோழிகள் என்னைத் தள்ளிவிட, நான் போய்க் கேட்டேன்.

"அண்ணா, புதுப்பாட்டு எதாச்சும் போடுங்களேன்."

"இந்த வண்டியில இதுதாம்மா பாடும்" என்றார். அவ்வளவுதான். எவ்வளவு திமிர் என்று பின்னால் பேசிக்கொண்டோம்.

இரண்டாம் வருடம் அப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுத்திருந்தார். அம்மா அங்கேயே தங்கிவிட்டார். தம்பி கோவிந்தன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். சமைத்து, தம்பியை அனுப்பி, சோற்றுத் தூக்குடன் நான் ஏறக்கூடிய ஒரே பஸ் அந்த எட்டே கால் பஸ்தான். கூட்டமில்லாத பஸ் என்பதால் உட்கார இடமும் கிடைக்கும்.

அந்த இரண்டு மாதம் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் ஏதாவது கேட்டார்கள். அப்பா நடப்பாரா, தோப்பை யார் பார்ப்பது, உன் படிப்பை நிறுத்திவிடுவார்களா. பஸ்ஸில் இருந்த முக்கால் மணி நேரம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாட்டு ஓடியது. முதல் பாட்டில் பஸ் நிலையம் பின்னால் போகும். மூன்றாவதில் தோப்புகள். பெரியாம்பட்டி தாண்டி ஏழாவது. அது மற்றவை போல இல்லை. மிக மெதுவான பாட்டு. ஓர் ஆண் குரல், தூங்கப் போகும் ஒருவரிடம் பேசுவது போல, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பாடும். சொற்கள் எனக்குச் சரியாகப் பிடிபட்டதில்லை. ஆனால் அந்தப் பாட்டு வந்தால் என் தோள்கள் இரண்டும் கீழே இறங்கும். பதினொன்றாவது முடியும்போது நாலு ரோடு வந்துவிடும். தூக்கை எடுத்துக்கொண்டு இறங்குவேன். அன்றைய நாளைச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும்.

அப்பா எழுந்து நடந்தார். அதற்குப் பின் எட்டு வருடம் இருந்தார்.

4

மூன்றாம் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பதினொரு பாட்டையும் வரிசையாகக் காதில் கேட்டுப் பழக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது. நிவேதாவிடம் போனேன்.

நிவேதா தமிழ் புரிந்துகொள்வாள். பதில் ஃபின்னிஷில் வரும். அவள் அறைக் கதவு எப்போதும் பாதி மூடியே இருக்கும். நான் கேட்கும் பாட்டுகளை 'அருங்காட்சியகம்' என்பாள். அன்றைக்கு என்ன நினைத்தாளோ, போனை என் வாய்க்கு முன்னால் நீட்டினாள்.

"முனகு. இது கண்டுபிடிக்கும்."

முதல் பாட்டை முனகினேன். சில நொடிகளில் திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. வயலின்கள் எழுந்தன. அதே பாட்டு. நான் கட்டிலில் குதித்து உட்கார்ந்தேன். அவளுக்கும் விளையாட்டு சூடு பிடித்துவிட்டது. இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொன்றாக விழுந்தன. ஐந்தாவதில் நான் சுதி தப்பினேன். "அம்மா, மறுபடியும்" என்று அதட்டினாள். அதட்டியது தமிழில். இரவுச் சாப்பாட்டுக்குள் பத்துப் பாட்டு கிடைத்துவிட்டது.

ஏழாவது மட்டும் கிடைக்கவில்லை. இருபது தடவை முனகியிருப்பேன். ஒருமுறை ஏதோ ஒரு ரஷ்யத் தாலாட்டைக் காட்டியது. ஒருமுறை தேவாலய இசை.

"அப்படி ஒரு பாட்டே இல்லை" என்றாள் நிவேதா. "நீயே உண்டாக்கிக்கொண்டாய்."

மறுநாள் தம்பியை அழைத்தேன். அவன் இப்போது தோப்பைப் பார்க்கிறான்.

"மாதையண்ணனா? இன்னும் வண்டியிலதான் இருக்காருக்கா. அதே ரூட்டு, வண்டிதான் புதுசு. சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு போறன், கேட்டுப் பாக்கறன்."

அன்று மாலை அவனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் பஸ் நிலையத்தின் இரைச்சல். இருபது வருடத்துக்குப் பிறகு மாதையன் அண்ணனின் குரல்.

"எந்தப் பாட்டுங்க, பெரியாம்பட்டிகிட்ட வருமே அதுவா? அது ஒண்ணும் சோகப் பாட்டு இல்லீங்க. அந்த எடத்துல நாடா இழுத்துக்கிச்சி. அதனால அது மட்டும் மெதுவாப் பாடும். மத்ததெல்லாம் சரியாத்தான் பாடுச்சி."

நிவேதாவுக்குக் கேசட் என்றால் என்ன, நாடா என்றால் என்ன என்று முதலில் விளக்க வேண்டியிருந்தது. விளங்கியதும் அவள் முகம் மாறியது. உடனே என் முனகலைப் பதிவு செய்தாள். ஏதோ ஒரு கோட்டை விரலால் தள்ளி வேகத்தைக் கூட்டினாள். கணினியில் அதை ஓடவிட்டு, போனை அதன் அருகே பிடித்தாள்.

முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது.

திரையில் ஒரு நகைச்சுவை நடிகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கழுதையைத் துரத்திக்கொண்டு வயல் வரப்பில் ஓடினார். மேளம் அடித்தது. குழந்தைகள் கைதட்டின. பாட்டு முழுக்க அந்தக் கழுதையைத் திட்டுகிறார். இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என்னைத் தாங்கிப் பிடித்த பாட்டு ஒரு கழுதைப் பாட்டு.

நிவேதா தரையில் உருண்டு சிரித்தாள். நானும்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் எழுந்து உட்கார்ந்து, நிஜப் பாட்டை எடுத்து அதன் வேகத்தைக் குறைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக. மேளம் தூரத்து இடி போல ஆயிற்று. குரல் கனத்தது, சொற்கள் நீண்டன. ஓரிடத்தில் நான் அவள் கையைப் பிடித்தேன்.

"இதுதான். இங்கேயே நிறுத்து."

நாங்கள் இரண்டு பேரும் அதைக் கடைசிவரை கேட்டோம். முடிந்ததும் நிவேதா இன்னொரு முறை போட்டாள். பிறகு பதினொன்றையும் வரிசைப்படுத்தி என் போனுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அவள் அறையைத் தாண்டிப் போனபோது உள்ளே அந்த ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது. மெதுவானது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் தட்டவில்லை.

5

தேர்வு நாள். காத்திருப்பு அறையில், "குப்புசாமி" என்று கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன்.

தேர்வாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண். முன்பு வந்தவர் இல்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கிளம்பலாம் என்று தலையசைத்தார். என் மூச்சு நின்றது. நான் அதைக் கவனித்ததே அன்றுதான். முதல் பாட்டை எடுத்தேன். உதடு திறக்காமல், மூக்கால். அவர் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும் என்று இருந்தது.

இரண்டாவதில் நகரத்தின் நடுப்பகுதி. நாலாவதில் டிராம் பாதையைக் கடந்தேன். முதல் தேர்வில் தப்புச் செய்த அதே ரவுண்டானா ஆறாவது பாட்டின் நடுவில் வந்தது, சரியான வரிசையில் நுழைந்து சரியான வழியில் வெளியே வந்தேன். அப்புறம் அந்த வலது திருப்பம். போன முறை சக்கரம் ஏறிய இடம். ஏழாவது பாட்டு. கழுதை நினைவுக்கு வந்துவிடுமோ என்று பயந்தேன். வரவில்லை. மெதுவாக இழுத்துப் பாடும் அந்தக் குரல்தான் வந்தது. ஸ்டியரிங்கையும் அவ்வளவு மெதுவாகத் திருப்பினேன். கண்ணாடியில் பின்சக்கரம் நடைபாதையிலிருந்து ஒரு சாண் தள்ளி, அழகாக வந்தது.

கூடத்துக்குத் திரும்பி வண்டியை நிறுத்தினேன். அவர் நிதானமாக எழுதினார்.

"தேர்ச்சி" என்றார். பிறகு, "அந்த வலது திருப்பத்தில் பாடியது எனக்குப் பிடித்திருந்தது. ஏதாவது பிரார்த்தனையா?"

இல்லை என்று சொல்ல எனக்கு இப்போது மொழி போதும். ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

வாசலில் மிக்கோ நின்றுகொண்டிருந்தான். நான் இறங்கி, நெடிலைத் தெளிவாக இழுத்து, நாளைக்குச் சந்திக்கிறேன் என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வீட்டுக்குப் போகும் டிராமில் நிவேதாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலாக ஒரு கழுதைப் படம் வந்தது.

6

டிப்போவில் கேக் கொடுத்த கையோடு, கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். தர்மபுரி பஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் மற்ற பஸ்களை எல்லாம் விட்டுவிட்டு, மாதையன் அண்ணனின் வண்டிக்காகக் காத்திருந்தேன். நிவேதா கரும்புச்சாறு மூன்று டம்ளர் குடித்தாள். வண்டி வந்தது. மீசை நரைத்திருந்தது. தம்பி ஏற்கெனவே சொல்லிவைத்திருந்ததால் முன்சீட்டில் எங்களுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்.

"நீங்கதான் வெளிநாட்டுல பஸ் ஓட்டறதுங்களா? தம்பி சொன்னாப்ல. எத்தன கியரு?"

"கியரே இல்லீங்கண்ணா. கரண்டு வண்டி."

"ஆரன்?"

"அடிக்கக் கூடாதுங்க. ஒரு வருசத்துல ரெண்டு தடவதான் அடிச்சிருப்பன்."

அவர் ஹாரன் மேலேயே கையை வைத்துக்கொண்டு கேட்டார். "அப்பறம் எப்பிடிம்மா வண்டிய நவுத்துறீங்க?"

நிவேதா வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு ரோட்டைத் தாண்டுவதற்குள் அவர் பத்து முறை ஹாரன் அடித்தார். பஸ்ஸில் புதுப்பாட்டு ஓடியது. ஓட்டுநருக்குப் பின்னால் திரையில் படமும். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அப்பல்லாம் அந்தப் பழைய பாட்டுதானே போடுவீங்க. உங்களுக்கு அவ்வளவு பிடிக்குங்களா?"

"எனக்கா?" அவர் சிரித்தார். "மொதலாளி வூட்டு விசேசத்துக்கு வாங்குன கேசட்டு அது. ஒருநாள் போட்டேன், மிசின்ல மாட்டிக்கிச்சி. வெளிய வரவே இல்ல. கம்பிய உட்டு நோண்டிப் பாத்தன், நாடாதான் இழுத்துக்கிச்சி. ரிப்பேருக்குக் குடுங்கன்னு கேட்டா, பாடுதுல்ல, பாடட்டும்னுட்டாரு. ஆறு வருசம், அது ஒண்ணுதான் பாடுச்சி."

இருபது வருடம் ஒரு மனிதரின் ரசனை என்று நான் நினைத்திருந்தது ஒரு பழுது. யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு மாதத்தை நான் தாண்டியிருக்கிறேன். ஏமாற்றமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. எனக்கு எழுந்து நின்று பஸ்ஸில் இருக்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவரிடம் மட்டும் சொன்னேன். அப்பா விழுந்ததை, சோற்றுத் தூக்கை, யாரும் கேள்வி கேட்காத முக்கால் மணி நேரத்தை. மூன்றாவது தேர்வை. பெரியாம்பட்டி போய்விட்டது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார். பெரிய ரோட்டை விட்டு வண்டி காரிமங்கலத்துக்குள் இறங்கியது.

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லம்மா" என்றார். "பாட்ட மாத்துய்யான்னு ஏறுறவங்க, எறங்குறவங்க எல்லாம் திட்டுனாங்க. ஆறு வருசத்துல நல்லாருக்குதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

"இப்பச் சொல்றங்கண்ணா."

அவர் கழுத்தைத் திருப்பி, வலது பக்கக் கண்ணாடியையே பார்த்தார்.

"பின்னாடி எதோ வண்டி வருது" என்றார்.

நானும் ஓட்டுநர்தான். எட்டி அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது.